சேலத்து ஏரிகளில் பாஸ் தூண்டில்: பிளாக் மேக்ஸ் ரீலும் அதற்கேற்ற கருவிகளும்

சேலம் வட்டாரத்தில் விரால் பிடிக்க இன்று பலரும் வாங்கும் ராடு (தூண்டில் கோல்), ரீல் (நரம்பைச் சுருட்டும் கருவி), ரப்பர் தவளை ஆகியவை பெரும்பாலும் வட அமெரிக்காவின் பெருவாய் பாஸ் மீனுக்காக உருவாக்கப்பட்டவை. அந்த மீன் நம் ஏரிகளில் இல்லை. ஆயினும் இந்தக் கருவிகள் இங்கே நன்றாக வேலை செய்வதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. பாஸைப் போலவே விராலும் கரையோரக் கோரையிலும், அல்லி இலைகளின் அடியிலும், ஆகாயத்தாமரை விளிம்பிலும் அசையாமல் பதுங்கியிருந்து, எட்டும் தூரத்துக்கு வரும் தவளையையோ சிறு மீனையோ ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். இரண்டு மீன்களும் ஒத்துப்போகும் இடத்தில் பாஸ் கருவியை அப்படியே பயன்படுத்தலாம். வாயின் அமைப்பிலும் மூச்சு விடும் முறையிலும் அவை வேறுபடும் இடத்தில் நாம்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விற்பனையாளர்கள் ரீலைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் விராலைக் கரை சேர்ப்பவை முதலில் ராடு, அடுத்து நரம்பு என்னும் தூண்டில் நூல், அடுத்து முள். ரீல் அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. அந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்தி வருவது அபு கார்சியா நிறுவனத்தின் பிளாக் மேக்ஸ் என்னும் பெய்ட்காஸ்டிங் ரீல், அதாவது வீசும்போது நரம்பு சுற்றிய உருளையான ஸ்பூலே சுழன்று நரம்பை விடும் வகை. ஸ்வீடனில் ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில் 1921 ஆம் ஆண்டு கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கிப் பின்னர் ரீல் தயாரிப்புக்கு மாறிய நிறுவனம் இது. நுண்ணிய பல்சக்கரங்களைச் செய்து பழகியவர்கள் ரீலுக்கு வந்ததில் வியப்பில்லை. பிளாக் மேக்ஸ் அவர்களுடைய வரிசையில் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கானது. நான்கு பேரிங்குகளும் ஒரு ரோலர் பேரிங்கும் கொண்டது. பிடியை ஒரு முறை சுற்றினால் ஸ்பூல் 6.4 முறை சுற்றும். மீன் வலுவாக இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக் அதிகபட்சம் 18 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 8 கிலோ இழுவையைத் தாங்கும். உடல் கிராஃபைட்டால் ஆனது. விலை கூடிய ரீல்களில் இருக்கும் அலுமினிய உடலின் இறுக்கம் இதில் இருக்காது என்றாலும், கையில் கனமாகத் தெரிவதில்லை; வெயில் ஏறும் வரை கரையோரம் நடந்துகொண்டே வீசுபவருக்கு அது பெரிய வசதி.

இந்த ரீலில் எனக்கு மிகவும் பிடித்தது இதன் காந்த பிரேக். பெய்ட்காஸ்டிங் ரீலை முதன்முறை கையில் எடுப்பவர் எல்லாரையும் அச்சுறுத்துவது நரம்புச் சிக்கு. லூர், அதாவது போலி இரை, காற்றில் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால், வெளியே போக வேண்டிய அளவுக்கு மேல் நரம்பு அவிழ்ந்து அங்கேயே குவிந்துவிடும். பிளாக் மேக்ஸில் ஸ்பூலின் பக்கத்தில் காந்தங்கள் உள்ளன. அவை ஸ்பூலைத் தொடுவதில்லை. அலுமினிய ஸ்பூல் காந்தப் புலத்தில் சுழலும்போது அதில் எழும் சுழல் மின்னோட்டமே சுழற்சியைத் தடுக்கிறது. வேகம் கூடும்போது தடையும் கூடும், குறையும்போது குறையும். உரசித் தேய்வதற்கு அதில் எதுவுமில்லை. பக்கவாட்டில் உள்ள திருகைத் திருப்பினால் தடையின் அளவு மாறும்.

அதைச் சரியாக அமைக்க ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் லூரைக் கட்டி, ராடைக் கிடையாகப் பிடித்து, ஸ்பூலை விடுவிக்க வேண்டும். லூர் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நின்றுவிடும் அளவுக்குப் பிடியின் பக்கத்தில் உள்ள சிறிய திருகை இறுக்க வேண்டும். அதன் பின் காந்தத் திருகை முழு அளவின் முக்கால் பங்கில் வைத்து வீசத் தொடங்கி, கட்டை விரலுக்குப் பழக்கம் வர வரத் தளர்த்திக்கொண்டே வரலாம். லூரை மாற்றும் ஒவ்வொரு முறையும் சிறிய திருகை மீண்டும் பார்த்துக்கொள்வது அவசியம். ஆடி மாதத்துக் காற்றில், அதுவும் எதிர்க்காற்றில், காந்தத் தடையைக் கூட்டியே தீர வேண்டும். எந்த அமைப்பில் இருந்தாலும் லூர் நீரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கட்டை விரலால் ஸ்பூலை நிறுத்தும் பழக்கத்தை எந்த பிரேக்கும் நமக்காகச் செய்து தராது.

பேரிங்குகளின் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தரம் தெரியாத பத்து பேரிங்குகளைவிட நல்ல நான்கு போதும். 6.4 என்ற வேகம் தவளை லூருக்கு நடுத்தரமாகப் பொருந்துகிறது. மீன் பிடித்தவுடன் தளர்ந்த நரம்பைச் சுருட்டி எடுக்க இன்னும் வேகமான ரீல் உதவும் என்பது உண்மைதான். ஆனால் ஆகாயத்தாமரைக்குள் தலையை நுழைத்துவிட்ட விராலைத் தாவரத்தோடு சேர்த்து இழுத்து வருவதற்குக் குறைந்த விகிதமே கைக்கு வலுத் தரும்.

ராடில்தான் தவறான பொருள் அதிகம் விற்கிறது. விராலுக்கு 7 அடி நீளமுள்ள, நுனி மட்டும் வளைந்து நடுவிலிருந்து அடிவரை விறைப்பாக நிற்கும் மீடியம் ஹெவி அல்லது ஹெவி வகை ராடு வேண்டும். மீடியம் ஹெவி ராடில் லூர் எடை ஏறத்தாழ 7 முதல் 28 கிராம் வரை என்று பொறித்திருப்பார்கள். தவளை லூர்கள் இந்த வரம்புக்குள் வந்துவிடும். அடிவரை வளையும் மென்மையான ராடில் விரால் சிக்கினால், நாம் சுண்டும் வேகம் முழுவதையும் ராடே விழுங்கிவிடும். முள் தாடைக்குள் இறங்காது. இழுத்து நீட்டும் வகை ராடுகள் பையில் வைக்க எளிது, விலையும் குறைவு, ஆனால் இந்த வேலைக்கு உகந்தவை அல்ல. ஒவ்வொரு இணைப்பும் பலவீனமான இடம்தான். என்னோடு வரும் நண்பர் ஒருவர் வாங்கிய, பெயர் சொல்ல விரும்பாத மலிவான ராடு ஒன்றில் நரம்பு ஓடும் வளையத்தின் உள்பூச்சு பெயர்ந்து, இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பை அறுத்தே விட்டது. வாங்கும்போது ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சைச் செலுத்திப் பார்க்க வேண்டும். எங்காவது இழை மாட்டினால் அந்த ராடை வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்கலாம்.

நம் வலைக்கடைகளில் தங்கூசி என்னும் நைலான் நரம்பு எளிதாகக் கிடைக்கிறது. தக்கையும் மண்புழுவும் கொண்டு ஜிலேபி பிடிப்பதற்கு அது போதும். தவளை லூருக்குப் பிரெய்டு நரம்பே வேண்டும், அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நைலான் நீளும், பிரெய்டு ஏறக்குறைய நீளாது. இருபது மீட்டருக்கு அப்பால் உள்ள மீனின் வாயில் முள்ளை ஏற்ற அந்த நீளாமை உதவுகிறது. மேலும் பிரெய்டு மிதக்கும் என்பதால் தவளையின் மூக்கை நீருக்குள் இழுக்காது. ஃப்ளோரோகார்பன் என்னும் மற்றொரு வகை நரம்பு நீரைவிட மிகவும் அடர்த்தியானது, மூழ்கிவிடும். மேல்மட்ட லூருக்கு அதை நீளமாகக் கட்டுவது பயன் தராது. 40 முதல் 50 பவுண்டு வரை வலுவுள்ள நான்கு இழைப் பிரெய்டைப் பரிந்துரைக்கிறேன். எட்டு இழை மென்மையானது, அதிக தூரம் போகும். ஆனால் நான்கு இழையின் சொரசொரப்பு நீர்த்தாவரங்களை அறுத்துக்கொண்டு வரும் திறன் உடையது. ஸ்பூலில் முதலில் சில சுற்று நைலானைச் சுற்றி அதன்மேல் பிரெய்டை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு முழுவதும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும், டிராக் கெட்டுவிட்டதாகத் தோன்றும்.

இனி தவளை. பாஸ் வாயைத் திறந்து இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அதன் பற்கள் மிகச் சிறியவை. விராலுக்குக் கூரிய பற்களும் இறுகிய எலும்புத் தாடையும் உள்ளன. அது கடித்து நசுக்கும். ஆகவே பாஸுக்கான உள்ளீடற்ற ரப்பர் தவளையை வாங்கும்போது இரண்டு சோதனைகளைச் செய்ய வேண்டும். விரலால் அழுத்தினால் உடல் எளிதில் அமுங்கி, முதுகோடு ஒட்டியிருக்கும் இரட்டை முள்ளின் இரு முனைகளும் முழுதாக வெளியே தெரிய வேண்டும். முள்ளின் கம்பி, கையால் விரித்தால் வளையாத தடிமனில் இருக்க வேண்டும். மலிவான தவளைகள் பலவற்றில் உடல் நன்றாக இருந்தும் முள் மெலிந்திருக்கும். ஒரே இழுப்பில் விரிந்துவிடும். இன்னொன்று, நம் சந்தையில் விராலுக்கென்று விற்கும் சிறிய தவளைகள் பல 10 கிராமுக்கும் குறைவானவை. பிளாக் மேக்ஸ் போன்ற ரீல் அவ்வளவு எடை குறைந்தவற்றை வீச ஏற்றதல்ல. அவற்றையே விரும்புபவர் வீசும்போது ஸ்பூல் சுழலாமல் நிற்கும் ஸ்பின்னிங் ரீலை 2500 அல்லது 3000 அளவிலும் அதற்கேற்ற விறைப்பான ராடையும் வாங்குவது நல்லது. அதில் எந்தக் குறையும் இல்லை, சிக்கும் குறைவு.

வீசும் முறையும் பாஸ் பிடிப்பவர்களிடமிருந்து வந்ததே. மீன் இருக்கும் என்று நினைக்கும் இடத்தின் மேலேயே லூரைப் போடாமல், அதற்கு அப்பால் போட்டு, இலைகளின் மேல் மெதுவாக இழுத்து வந்து, இடைவெளி நீரில் நிறுத்த வேண்டும். ராடின் நுனியைக் கீழ்நோக்கிச் சிறிது சிறிதாகச் சுண்டி, ஒவ்வொரு சுண்டலுக்கும் இடையில் நரம்பைத் தளர விட்டால், தவளை இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கும். நீர் வெடித்தவுடன் இழுப்பதுதான் பெரும்பாலான மீன்கள் தப்பக் காரணம். நரம்பில் எடை தெரியும் வரை பொறுத்து, ராடைத் தாழ்த்தித் தளர்வைச் சுருட்டி, பிறகு முழு வலுவோடு மேலே தூக்க வேண்டும். அதன்பின் மீனுக்கு நரம்பு விடக் கூடாது. விளையாட விட்டால் அது தண்டுகளுக்கிடையே புகுந்துவிடும்.

மற்ற பாஸ் முறைகளில், மழைக்குப் பின் நீர் கலங்கியிருக்கும் நாட்களில் தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட் நன்றாக வேலை செய்கிறது. அதன் அதிர்வை மீன் கண்ணால் பார்க்காமலே உணர்கிறது. மென்புழுவை முள்ளுக்குள் மறைத்துக் கட்டும் டெக்சஸ் முறை தாவரங்களில் சிக்காது என்றாலும், விரால் புழுவின் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும்; செலவு கூடும். மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் முக்கவர் முள் தொங்கும் கிராங்க்பெய்ட் என்னும் நீருக்குள் இறங்கும் போலி மீனை இழுப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் பழைய ஊர்களே மூழ்கியிருக்கின்றன. நீர்மட்டம் குறையும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளிப்படுவதை நாம் அறிவோம். மறைந்திருக்கும் சுவர்களும் கற்களும் மீன் தங்கும் இடங்கள், லூர் இழக்கும் இடங்களும் அவையே. பாசன நீர் திறந்துவிட்டு மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஆழமற்ற கரையை விட்டு மீன் விலகும் என்ற பாஸ் பாடம் அங்கேயும் பொருந்துகிறது. ஆனால் பெரிய கட்லாவுக்கு இந்தக் கருவி வேண்டாம். அது நெடுந்தூரம் ஓடும் மீன். அதற்கு அதிக நரம்பு கொள்ளும் பெரிய ஸ்பின்னிங் ரீலும் வேறு ராடும் வேண்டும்.

பாஸ் நூல்களில் கிடைக்காத ஒரு வழி விராலைத் தேடுவதற்கு உண்டு. விரால் செவுளால் மட்டும் வாழ முடியாது, அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். காற்றில்லாத காலை நேரத்தில் கரையில் அசையாமல் நின்று பார்த்தால் அந்தக் குமிழியும் வளையமும் தெரியும். அது திரும்பும் திசைக்கு முன்னால் தவளையைப் போட வேண்டும். ஆனால் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று நீரின் மேல் கொதிப்பதுபோல் நகர்ந்தால் அங்கே லூரைப் போடவே கூடாது. கீழே நிற்கும் தாயும் தந்தையும் பசியால் அல்லாமல் காவலுக்காகவே தாக்கும். அவற்றைப் பிடித்தால் காவலற்ற குஞ்சுகள் ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் இரையாகிவிடும். அந்த ஒரு மீனுக்காக அடுத்த ஆண்டின் ஏரியைக் காலி செய்வது எந்த வகையிலும் ஏற்கத் தக்கதல்ல. சேர்வராயன் மலையடிவாரத்தில் பறவைகள் தங்கும் மண்திட்டுகள் உள்ள மூக்கனேரி போன்ற ஏரிகளில் அறுந்த பிரெய்டைக் கரையில் விடுவதும் அப்படியே. அது மக்காது, பறவையின் காலில் சுற்றிக்கொள்ளும். எந்த ஏரியிலும் குத்தகைதாரரிடம் கேட்ட பின்னரே தூண்டிலை எடுக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் தம்மிடம் உள்ள தொகையில் பெரும்பகுதியை நல்ல ராடுக்கு ஒதுக்கி, அடுத்து தரமான பிரெய்டையும் தடித்த முள்ளுள்ள தவளைகள் இரண்டையும், ஒன்று கறுப்பு, ஒன்று வெளிர் நிறம் என வாங்கி, மிச்சத்துக்கு ஏற்ற ரீலைத் தேட வேண்டும். அந்த மிச்சத்துக்குள் அடங்கும் ரீல்களில் பிளாக் மேக்ஸை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆர்டர் செய்யும் முன் இடக்கைப் பிடியா வலக்கைப் பிடியா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பின்னிங் ரீலைப் போல இதன் பிடியைப் பின்னர் மறுபக்கம் மாற்ற இயலாது.