சென்னை 9.30, சிங்கப்பூர் மறுநாள்: ஒரு தமிழ்ச் சேனல் சந்தாவின் மதிப்புரை

சென்னை ஒளிபரப்பை அப்படியே இங்கே சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல் ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. படம் தெளிவாக இருக்கிறது, ஒலியும் சுத்தம். அடைமழையிலும் படம் கட்டம் கட்டமாக உடைவதில்லை. சீரியல்களும் விரும்பிப் பார்க்கும்படி இருக்கின்றன. இத்தனையையும் கெடுப்பது நேர அட்டவணை.

நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். சென்னையில் மாலை 6.30 என்றால் இங்கே இரவு 9. சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகளின் டியூஷன் பாடமும் முடிந்து எல்லோரும் உட்காரும் வேளை அது. சென்னை 7.30 இங்கே 10 மணி, அதுவும் பரவாயில்லை. 8.30 ஆனால் இங்கே 11. காலை 6 மணிக்கு எழ வேண்டியவர்கள் அதற்கு மேல் விழித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே அங்கே 'முன்மாலை' என்று லேசாக நினைக்கும் ஸ்லாட்தான் இங்கே பிரைம் டைம். இந்தச் சேனல் 6.30க்கு ஓடிய தன் நல்ல சீரியல் ஒன்றை 9.30க்குத் தூக்கிக்கொண்டு போனது. சென்னைக் கணக்கில் அது பதவி உயர்வு. இங்கே இரவு 9 மணிக்குக் குடும்பமே பார்த்த கதை, சரியாக நள்ளிரவு 12க்குப் போய்விட்டது.

காரணம் டிஆர்பி என்ற பார்வையாளர் புள்ளி. இந்தியாவில் பார்க் (BARC) அமைப்பு சனி முதல் வெள்ளி வரையிலான பார்வையாளர் கணக்கை எடுத்து, வியாழக்கிழமைகளில் வெளியிடுகிறது. மீட்டர்கள் இந்திய வீடுகளில் மட்டும்தான். இங்கே மாதச் சந்தா கட்டிப் பார்ப்பவர் அந்த எண்ணில் ஒரு புள்ளிகூட இல்லை. எண் ஏறினாலும் இறங்கினாலும் அடுத்த திங்களே நேரம் மாறுகிறது. அறிவிப்பு என்று வருவது இரண்டு, மூன்று நாள் ஓடும் ப்ரோமோதான். அதிலும் இந்திய நேரம் மட்டும் இருக்கும். சிங்கப்பூர், மலேசிய நேரத்தைக் கீழே ஒரு வரியாகப் போடுவதில்லை. வெளிநாட்டில் காசு வாங்கும் சேனல் இதையாவது செய்ய வேண்டும்.

பதிவு செய்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். சென்னை 9.30 முதல் எந்த நிகழ்ச்சியும் இங்கே மறுநாள் தேதியில் விழும். திங்கள் எபிசோடைத் தேடி அட்டவணையில் திங்களின் கடைசிக் கட்டம் வரை போனால் அது இருக்காது. ரிமோட்டில் வலப்பக்க அம்பை இன்னும் ஒருமுறை அழுத்துங்கள். செவ்வாயின் முதல் கட்டத்தில், 12.00 என்ற நேரத்தின் கீழ் அது இருக்கும். திங்கள் முதல் சனி வரை என்று டைமர் வைத்திருந்தால், செவ்வாய் முதல் ஞாயிறு என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் சனிக்கிழமை எபிசோட் பதிவாகாது. வாரம் முழுக்க இழுத்த முடிச்சு பெரும்பாலும் அன்றுதான் அவிழும்.

பெயரை வைத்துத் தானாகப் பதியும் 'சீரீஸ்' வசதியை இந்தச் சேனலுக்கு நம்ப வேண்டாம். மகாசங்கமம் வரும் வாரத்தில் அது கைவிட்டுவிடும். 6.30, 7 என்று அடுத்தடுத்து வரும் இரண்டு சீரியல்களை ஒரு மணி நேரக் கதையாக இணைக்கிறார்கள். அட்டவணையிலோ ஒரு பெயர்தான் இருக்கும், அல்லது பழைய இரண்டு பெயர்களே அப்படியே நிற்கும். ஒன்றை மட்டும் குறித்திருந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். சேனல் எண்ணையும் நேரத்தையும் கையால் கொடுத்துப் பதிவதே பாதுகாப்பு. தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன்பும் முடிவுக்கு 15 நிமிடம் பின்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு 12 நிகழ்ச்சிக்குத் தொடக்கத்தை 11.55 என்று நீங்களே கொடுத்தால், அது முந்தைய நாள் தேதி, டைமரும் திங்கள் முதல் சனி என்றே இருக்க வேண்டும். ஞாயிறு சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு 30 நிமிடம் வேண்டும். கல்யாண எபிசோடில் தாலி கட்டும் காட்சி கடைசி நிமிடங்களில்தான் வரும். ஹெச்டி பதிவு மணிக்கு ஏறக்குறைய 3 முதல் 4 ஜிபி பிடிக்கும், பார்த்ததை அவ்வப்போது அழித்துவிடுங்கள்.

சேனலின் சொந்தச் செயலியில் பார்த்துக்கொள்ளலாமே என்றால், விட்டுப்போன எபிசோடுகள் இந்தியாவுக்குள் மட்டும்தான் திறக்கின்றன. இங்கே ப்ரோமோக்கள் மட்டும் ஓடும்.

நேரத்தைக் காப்பாற்றுவது முடியாத காரியமல்ல. நம் சிங்கப்பூர்த் தமிழ் ஒளிவழியான வசந்தத்தைப் பாருங்கள். 2008இல் தனி ஒளிவழியாக ஆனது. இரவு 8.30 என்றால் தமிழ்ச் செய்தி என்பது வீட்டுப் பெரியவர்களுக்கு மனப்பாடம், செய்தி முடிந்ததும் நாடகம் என்று உட்கார்ந்திருப்பார்கள். தவறவிட்டதை மீவாட்ச் என்ற இணையச் சேவையில் தேடிப் பார்க்கலாம். நம் ஊர் நேரத்துக்கென்றே போட்ட அட்டவணை என்பதால் அந்தப் பழக்கம் நிலைக்கிறது.

கட்டணச் சேனலிடம் கேட்பது பெரிதாக எதுவுமில்லை. 9.30 எபிசோடை மறுநாள் மாலை இங்கே 7 மணிக்கு மறுஒளிபரப்புச் செய்யலாம். சென்னையில் அது 4.30, பழைய படத்தின் காட்சித் தொகுப்பு ஓடும் நேரம்தான். மதியம் 1 மணிக்கு இப்போது போடும் மறுஒளிபரப்பு இங்கே 3.30க்கு வருகிறது. வேலைக்குப் போகும் யாரும் அதைப் பார்க்க முடியாது.

ஒரே ஒரு சீரியலுக்காகச் சந்தா எடுப்பவர்கள், அதன் சென்னை நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டிப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். 24 மாத ஒப்பந்தத் தொகுப்பில் சேராமல், மாதாமாதம் நிறுத்தக்கூடிய தனிச் சேனலாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். படத்துக்கு ஐந்தில் நாலரை, அட்டவணைக்கு ஒன்றரை.