38 வெள்ளிக்கு ஒரு சொட்டு ரத்தம்

சிங்கப்பூர் தேக்கா பக்கம் நான் போகும் மருந்தகத்தில் இப்போது விரலில் குத்தியே கிரியேட்டினின் பார்க்கிறார்கள். தசையிலிருந்து ரத்தத்துக்கு வரும் கழிவு அது; சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ஏறும். 38 வெள்ளி. எனக்கு வயது 61, சர்க்கரை வந்து 14 வருஷம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டியவன். நரம்பு கிடைக்காமல் தாதிகள் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்க்கிற கை என்னுடையது. அதனால் விரல்நுனி போதும் என்றதும் ஓடினேன்.

நுழைந்ததிலிருந்து எண் வரும்வரை பத்து நிமிடம். அதில் எட்டு நிமிடம் பதிவு மேசையில் போனது. வீட்டில் சர்க்கரை மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகின வேலைதான்: பட்டையைச் செருகி, குத்தி, சொட்டைத் தொட வைத்தால் அரை நிமிடத்தில் திரையில் எண்.

142 என்றது திரை. வயிற்றில் புளியைக் கரைத்தது. மூன்று வாரத்துக்கு முன்புதான் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) 124 வந்திருந்தது.

“நேத்து ராத்திரி ஆட்டுக்கறி சாப்பிட்டீங்களா அங்கிள்?” என்று தாதி கேட்டார். கறி சாப்பிட்டாலும் கொஞ்சம் ஏறுமாம். இல்லை என்றேன். “ஜிம் பவுடர் ஏதாவது?”

மாட்டிக்கொண்டேன். வயதானவர்களுக்கும் தசை பிடிக்கும் என்று மகன் கொடுத்த கிரியாட்டின் (பெயர் ஒத்திருந்தாலும் கிரியேட்டினின் வேறு, இது வேறு) பவுடரை இரண்டு வாரமாகப் பாலில் கலந்து குடித்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் என்பதால் பட்டைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்காமல் எழ மனசில்லை. டாக்டரும் பொறுமையாகச் சொன்னார். பட்டையில் ரசாயன மாற்றத்தைத் தூண்டும் மூன்று நொதிகள். முதலாவது கிரியேட்டினினைக் கிரியாட்டின் ஆக்கும். இரண்டாவது அந்தக் கிரியாட்டினைச் சார்கோசினாகவும் யூரியாவாகவும் உடைக்கும். மூன்றாவது சார்கோசினை ஆக்சிஜனோடு சேர்த்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். மின்முனையில் அந்தப் பெராக்சைடு எலெக்ட்ரானை இழக்கும்போது ஓடுகிற துளி மின்சாரத்தைத்தான் கருவி அளக்கிறது. நம் பாஷையில் சொன்னால் ஆம்பியர் மீட்டர்!

நான் குடித்த பவுடர் நேரே இரண்டாவது படியில் நுழைந்துவிடுகிறது. எது ரத்தத்தில் ஏற்கெனவே இருந்த கிரியாட்டின், எது முதல் நொதி செய்தது என்று மின்முனைக்குத் தெரியாது. இதே நொதிகளை வைத்துச் சோதிக்கும் ஆய்வகங்களில், ஏற்கெனவே இருக்கும் கிரியாட்டினை முதலில் அழித்துவிட்டு அப்புறம்தான் அளப்பது வழக்கம். போதாததற்கு, குடித்த பவுடரில் கொஞ்சம் உடம்பிலேயே கிரியேட்டினினாக மாறவும் செய்யும். பவுடரை நிறுத்தி, இரண்டு வாரம் கழித்து நரம்பு ரத்தம் கொடுத்ததில் 127 வந்தது.

என் குறை இதுதான்: பவுடர் கேள்வியைக் குத்துவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டாமா? பதிவு மேசையில் எட்டு நிமிடம் சும்மாதானே உட்கார்ந்திருந்தேன். கொடுத்த சீட்டிலும் வெறும் 142 மட்டும்; என்ன அலகு என்று போடவில்லை. அதைப் படம் எடுத்துத் திருவாரூரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பித் தொலைத்தேன். அடுத்த நிமிடமே போன். “அண்ணே, நூத்தி நாப்பத்திரண்டா? இங்க ஒருத்தருக்கு எட்டுக்கே டயாலிசிஸ் பண்றாங்களே!” ஊரில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு, இங்கே லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல். 88.4-ஆல் வகுத்தால் 1.6 வரும் என்று விளக்கி முடிப்பதற்குள் கோப்பி ஆறிவிட்டது.

சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கும் அவசரத்தில், சிறுநீரகம் தாங்குமா என்று உடனே தெரிய வேண்டுமென்றால் இந்தக் கருவிக்கு 38 வெள்ளி தாராளமாகக் கொடுக்கலாம். என்னைப் போல மாதக்கணக்கில் ஏற்ற இறக்கம் பார்ப்பவர்கள் ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையில் பார்ப்பதுதான் சரி. இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று எடுத்த எண்களை ஒப்பிட்டால் தூக்கம்தான் கெடும். அடுத்த முறை நான் பலதுறை மருந்தகத்துக்கே போகிறேன். நரம்பைத் தேடட்டும், பரவாயில்லை.