வந்தாறுமூலையா, பேராதனையா, இன்னொரு தடவை பரீட்சையா?

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை, மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூல் விரித்தபடி கிடந்தது. மகள் தன் இசட் புள்ளியை, அதாவது பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கும் உயர்தரப் புள்ளியை, கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளிகளோடு (ஒவ்வொரு பாடநெறிக்கும் இடம் கிடைத்த ஆகக் குறைந்த புள்ளிகளோடு) ஒப்பிட்டுப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மனைவிக்கு விடுதியைப் பற்றிய யோசனை, எனக்குப் பணத்தைப் பற்றிய யோசனை. சில ஆண்டுகளுக்கு முன் மகனுக்காகவும் இதே மேசையில்தான் இருந்தோம். அப்போது நாங்கள் பெற்றோராகச் செய்த உதவியில் பாதி உபத்திரவமாக முடிந்தது. இரண்டு பிள்ளைகளும் உயிரியல் பிரிவில் படித்தவர்கள். மருத்துவத்துக்குப் புள்ளி போதாமல், ஆனால் கையில் ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாமல், நடுவில் நின்றவர்கள். நம் மாவட்டங்களில் தகுதி பெறும் பிள்ளைகளில் பலரின் நிலையும் இதுதான் என்பதால், அவர்கள் முன்னால் உள்ள வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

வழிகளைப் பார்ப்பதற்கு முன் விருப்பொழுங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பெற்றோர் அதிகம் தடுமாறுவது அங்கேதான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில், பிள்ளை தனக்குத் தகுதியுள்ள பாடநெறிகளைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்து, விரும்பும் வரிசையில் எழுத வேண்டும். "பெரிதை மேலே எழுதினால் சின்னதும் கிடைக்காமல் போய்விடும்" என்பது ஊரில் உலவும் நம்பிக்கை. அது பிழை. முதல் விருப்பத்துக்குப் புள்ளி போதாவிட்டால் இரண்டாவது பார்க்கப்படும், அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. மேலே ஆசைப்பட்டதை எழுதியதற்காகக் கீழே உள்ளதில் பிள்ளையின் இடம் பின்தள்ளப்படுவதில்லை. மாறாக, பயத்தினால் வெட்டுப்புள்ளி குறைந்த பாடநெறியை முதலாவதாக எழுதினால் அதுவே கிடைத்துவிடும். அதற்குக் கீழே எழுதிய நல்ல பாடநெறியைப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பிறகு வரிசையை மாற்றவும் முடியாது.

மகனின் விண்ணப்பத்தை நாங்கள் ஒரு கொமினிகேசன் கடையில் கொடுத்து நிரப்பினோம். அன்று கடையில் கூட்டம். கணினியில் இருந்த பையன், முதல் நாள் வந்த இன்னொரு பிள்ளையின் வரிசையைப் பார்த்துக்கொண்டே எங்களுடையதையும் அடித்துத் தந்தான். வீட்டுக்கு வந்து அச்சுப் பிரதியை வாசித்தபோதுதான், மகன் ஐந்தாவதாகச் சொன்னது இரண்டாவதாகப் போயிருந்தது தெரிந்தது. திகதி முடியவில்லை, மறுநாள் திருத்திக்கொண்டோம். ஆனால் தொடர்புக்கென்று கொடுத்த மின்னஞ்சல் கடைக்காரரே உருவாக்கியது, அதன் கடவுச்சொல் எங்களில் எவருக்கும் தெரியாது என்பது, ஆணைக்குழுவிலிருந்து அறிவித்தல்கள் வரத் தொடங்கிய பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. மகளுக்கு அந்தப் பிழையை விடவில்லை. சொந்தத் தொலைபேசி இலக்கம், சொந்த மின்னஞ்சல், எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பெயர் என்று எல்லாவற்றையும் அவளே செய்தாள், நான் பக்கத்தில் இருந்தேன்.

மாவட்ட ஒதுக்கீட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியதாகக் கொள்ளப்படும் மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் நிரப்பப்படுகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்து எல்லைக் கிராமங்களில் வீடு, அம்பாறை மாவட்டத்துக் கல்முனையில் பாடசாலை என்று இருக்கும் பிள்ளைகள் பலர். மாவட்டத்தைத் தீர்மானிப்பதில் பிள்ளை பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலை எங்கே அமைந்திருக்கிறது என்பதே முதன்மையாகப் பார்க்கப்படுவதால், ஆறாம் தரத்திலிருந்து கல்முனையில் படித்த என் மகள் வீட்டால் மட்டக்களப்பு, கணக்கால் அம்பாறை. மகனுக்குப் பார்த்த மட்டக்களப்பு வெட்டுப்புள்ளிகளையே இவளுக்கும் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் வீணாக மனம் உடைந்திருந்தோம்.

இனி முதல் ஒப்பீடு: கிட்டவா, தூரமா. மகன் பேராதனையில் விவசாயம் படித்தான். மகளுக்கும் பேராதனை விவசாயத்துக்கும், வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்து விவசாயத்துக்கும் இடையில்தான் இழுபறி. இரண்டும் நான்கு ஆண்டுப் பட்டம், இரண்டும் ஆங்கில மொழிமூலம், இரண்டும் ஒரே ஆணைக்குழுவின் கீழ் வருபவை. பேராதனைக்குப் பழமை உண்டு, கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் கிட்டத்திலேயே உண்டு, பெயருக்கு மதிப்பும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியபோதே விஞ்ஞானமும் விவசாயமும்தான் அதன் பீடங்கள்; 1986இல் முழுப் பல்கலைக்கழகமானது. உலர் வலயத்து நெல்லையும் மேட்டுநிலப் பயிரையும் அந்த மண்ணிலேயே நின்று படிக்க விரும்பும் பிள்ளைக்கு அது குறைந்த இடமல்ல. "வந்தாறுமூலை என்றால் கடைசித் தெரிவு" என்று நம்மவர்களே பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை, அங்கே இடம் கிடைத்ததைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு முதலாம் ஆண்டை வீணாக்குகிறது.

செலவில் வேறுபாடு நாம் நினைப்பதைவிடக் குறைவு, ஆனால் வேறு இடத்தில் இருக்கிறது. அரச பல்கலைக்கழகங்கள் எதிலும் இப்படிப்புக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. விடுதி பெரும்பாலும் முதலாம் ஆண்டிலும் இறுதி ஆண்டிலும் கிடைக்கிறது. நடுவில் வெளியே போடிங் எடுக்க நேர்கையில்தான் பேராதனையின் செலவு ஏறுகிறது. வந்தாறுமூலைக்கு வீட்டிலிருந்து போய்வரலாம் என்று நான் கணக்குப் போட்டேன். பெரியகல்லாற்றிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஏறாவூர், செங்கலடி தாண்டி இன்னொரு பஸ். மாலை செயன்முறை வகுப்பு முடிந்து அதே வழியில் திரும்பல். ஒரு நாள் மகளோடு நானும் அப்படியே போய்வந்தேன். வீட்டுக்குள் நுழையும்போது எனக்கே நின்று பேசத் தெம்பில்லை. ஆக, கிட்டப் பல்கலைக்கழகமானாலும் தங்கித்தான் படிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்ததும், வீட்டுச் சாப்பாடு, பஸ் காசு என்று நான் வந்தாறுமூலைக்குச் சார்பாக அடுக்கிய காரணங்கள் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டன.

தூரத்துக்கு எதிராகப் பெற்றோர் சொல்லும் காரணங்களில் மொழியும் பகிடிவதையும் முன்னிற்கின்றன. மகனுக்கு முதல் அரையாண்டு சிங்களம் புரியாமல் கஷ்டமாகத்தான் இருந்தது. நான்காம் ஆண்டில் மகியங்கனை வழியாக வரும் பஸ்ஸில், பதினெட்டு வளைவு இறங்கும் வரை நடத்துநரோடு சிங்களத்தில் பகிடி விட்டுக்கொண்டு வந்தான். இன்று அவனுக்கு வேலையில் அந்த மொழி பட்டத்துக்கு அடுத்தபடியாகக் கைகொடுக்கிறது. பகிடிவதையை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. நடைமுறையில் அது இன்னும் ஒழியவில்லை, தூரத்தில் மட்டும் நடப்பதுமில்லை. கிட்ட இருக்கும் பல்கலைக்கழகத்தில் பிள்ளை வதைக்கப்பட்டால் நாம் ஓடிப்போகலாம் என்பது ஓரளவுக்கு உண்மை, ஆனால் பிள்ளை நமக்குச் சொன்னால்தான் ஓடலாம்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைத் தனியாக ஒப்பிட எனக்கு அனுபவம் போதாது. ஒலுவில் எங்கள் ஊருக்கு வந்தாறுமூலையைவிடக் கிட்ட. பொறியியலும் முகாமைத்துவமும் அங்கே, பிரயோக விஞ்ஞானம் சம்மாந்துறையில். கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அது வீட்டுப் படலையடியில் இருக்கும் வாய்ப்பு, விவசாயம் கேட்ட மகளுக்கு அது கேள்வியாக எழவில்லை. சங்கீதம், நடனம், நாடகம், கட்புலக் கலை என்று விரும்பும் பிள்ளைக்குக் கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு, ஆனால் அதற்கு உளச்சார்புப் பரீட்சையில் தேற வேண்டும். பொது விண்ணப்பத்தோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டு அந்தப் பரீட்சைக்கான அழைப்பைத் தவறவிட்ட பிள்ளை ஒன்றை எங்கள் உறவிலேயே அறிவேன்.

இரண்டாவது ஒப்பீடு: கிடைத்ததை ஏற்பதா, மீண்டும் பரீட்சைக்குத் தோற்றுவதா. இதில் பெற்றோரின் கை அதிகம் நீளுகிறது, அது நல்லதல்ல. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைத் தோற்றலே கணக்கில் எடுக்கப்படும். மகன் முதல் தடவை எடுத்த புள்ளிக்கு விலங்கு விஞ்ஞானம் ஒன்றில் இடம் வந்தது. "இன்னும் ஒருக்கா எடு மகன், டொக்டராகலாம்" என்று சொன்னவன் நான்தான். அவனாகக் கேட்ட ஒன்றல்ல அது, ஆசைப்பட்டுக் கேட்டவன் நான். இரண்டாம் தடவை மட்டக்களப்பு நகரில் ரியூசன், விடியற்காலை ஐந்து மணி பஸ், இரவு பதினொரு மணி வரை படிப்பு. புள்ளி ஏறியது, மருத்துவத்துக்கு ஏறவில்லை, விவசாயத்துக்கு ஏறியது. அந்த ஆண்டு வீண் என்று அவன் சொல்வதில்லை. ஆனால் முதல் தடவையில் எந்தப் பாடம் ஏன் குறைந்தது என்று பார்க்காமல் அதே ரியூசனுக்கு அதே வழியில் அனுப்பினால் புள்ளி அசையாது என்பதை அவனுடைய நண்பர்கள் இருவரிடம் கண்டேன். ஒரு பாடத்தில் மட்டும் சறுக்கியிருந்தால் மீள்தோற்றலுக்குப் பொருள் உண்டு. மூன்றிலும் சமமாகக் குறைந்திருந்தால், என் எண்ணத்தில், கிடைத்த இடத்தை ஏற்பதே மேல்.

மூன்றாவதாக, பல்கலைக்கழகம் கிடைக்காதபோது அல்லது வேண்டாதபோது உள்ள வழிகள். தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டு ஆண்டு அங்கேயே தங்கிப் படித்து, மூன்றாம் ஆண்டு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி முடித்தால் ஆசிரியர் நியமனம். கையில் வேலை என்று பார்த்தால் இதைவிட உறுதியான வழி நம் பக்கத்தில் குறைவு, ஆகவேதான் போட்டியும் கடுமை. கோவில்குளத்திலும் சம்மாந்துறையிலும் உள்ள உயர் தொழினுட்பவியல் நிறுவகங்களின் உயர் தேசிய டிப்ளோமாக்களை ஊர் மதிக்கும் அளவைவிட அலுவலகங்கள் அதிகம் மதிக்கின்றன. கணக்கியலிலும் தகவல் தொழினுட்பத்திலும் அப்படி முன்னேறியவர்களை வங்கிகளிலேயே பார்க்கலாம். இவற்றுக்கு விண்ணப்பம் கோரும் திகதிகள் பல்கலைக்கழகத் திகதிகளிலிருந்து வேறுபட்டவை என்பதால், கம்பஸ் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் இரண்டும் போய்விடும்.

தனியார் பட்டத்துக்குக் கொழும்புக்கு அனுப்பும் யோசனையும் மேசைக்கு வந்தது. கட்டாரில் இருக்கும் மைத்துனர் பணம் அனுப்புவதாகச் சொன்னார். அரசின் வட்டியற்ற மாணவர் கடன் திட்டமும் 2017 முதல் உண்டு. ஆனால் அது அங்கீகரித்த நிறுவனங்களின் அங்கீகரித்த பாடநெறிகளுக்கு மட்டுமே. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இங்கே வழங்கப்படும் பட்டமானால், அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பணம் கட்ட முன் பார்ப்பது பெற்றோரின் வேலை. விளம்பரப் பதாகையில் எழுதியிருப்பதை நம்பி வீட்டு உறுதியை வங்கியில் வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குப் போவது வழக்கம். அவளுக்கென்று அத்திவாரம் போட்டுச் சுவர் எழும்பி நின்ற வீட்டின் கூரைக் காசுதான் அந்தக் கட்டணத்துக்குக் கையில் இருந்த ஒரே காசு. அதை மறைக்காமல் மகளுக்குச் சொன்னோம். "கூரை இல்லாத வீட்டுக்குள்ள பட்டத்த மாட்ட ஏலாது அப்பா" என்று சிரித்தாள். கொழும்பு அத்தோடு மேசையிலிருந்து எழுந்து போனது.

முடிவுத் திகதிக்கு மூன்று நாள் முன் அவள் வரிசையை எழுதிக் காட்டினாள். முதலாவது பேராதனை விவசாயம், இரண்டாவது கிழக்குப் பல்கலைக்கழக விவசாயம், அதற்குக் கீழே நான் பெயரே கேட்டிராத நான்கைந்து பாடநெறிகள். கிட்ட இருப்பதை மேலே போடு என்று சொல்ல வாய் வந்தது. அதே நேரம் அண்ணனின் ஐந்தாவது விருப்பம் இரண்டாவதாகப் போன அச்சுப் பிரதியும் ஞாபகத்துக்கு வந்தது. குறியீட்டெண்களை அவள் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் கைந்நூலில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். ஏழாவதில் ஓர் இலக்கம் மாறியிருந்தது, திருத்தினாள், அனுப்பினாள்.