ஹம் இரைச்சலை நீக்கித் தருவதாகச் சொல்லி ரூ. 18,500 வாங்கிக்கொண்டார்கள்

வீட்டில் சின்தசைசர் வைத்திருப்பவர்கள், இரைச்சலுக்கு மருந்தென்று எதையும் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் சின்தசைசரிலிருந்து (மின்னணுக் கீபோர்டு) ஆடியோ கேபிள், ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சருக்கும், யுஎஸ்பி கேபிள் லேப்டாப்புக்கும் போகின்றன. எதையும் வாசிக்காதபோதும் ஸ்பீக்கரில் ‘ஊம்ம்’ என்ற இரைச்சல் விடாமல் கேட்டதால், பெரிய இசைக்கருவிக் கடை ஒன்றில் முறையிட்டேன். அவர்கள் டெக்னீஷியனை வீட்டுக்கே அனுப்பினார்கள்.

வந்தவர் எல்லா பிளக்குகளையும் பிடுங்கி, மிக்சர், ஸ்பீக்கர், சின்தசைசர் மூன்றையும் தாம் கொண்டுவந்த, மின்சாரத்தைச் சீராக்கித் தருவதாகச் சொல்லப்படும் ‘பவர் கண்டிஷனர்’ பெட்டியில் செருகினார். இரைச்சல் அடியோடு நின்றது. “கேட்டுப் பாருங்க சார், சுத்தமா இருக்கா?” என்றார். காதாலேயே கேட்ட பிறகு எவர்தான் சந்தேகப்படுவார்? அங்கேயே யுபிஐயில் 18,500 ரூபாய் அனுப்பினேன். ஆனால் லேப்டாப் சார்ஜரை மட்டும் அவர் திரும்பச் செருகவே இல்லை. இரவில் நான் அதைச் செருகிய நொடியே அதே இரைச்சல் திரும்பியது.

லேப்டாப் சார்ஜரின் எர்த்தும் மிக்சரின் எர்த்தும் யுஎஸ்பி, ஆடியோ கேபிள்கள் வழியாக ஒரு வளையமாக இணைந்துவிடுவதும், அதில் ஓடும் சிறு மின்னோட்டம் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலாக ஸ்பீக்கரில் கேட்பதும்தான் ‘கிரவுண்ட் லூப்’. லேப்டாப் பேட்டரியில் ஓடினால் வளையம் அறுந்துவிடும். பெட்டிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெட்டியோடு வந்த தாளிலும் மின்னழுத்த ஏற்றத்திலிருந்து பாதுகாப்பு என்று இருக்கிறதே தவிர, ஹம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தத் தொழிலே செய்பவருக்கு இது தெரியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

கடையில் கேட்டபோது முதலில் வீட்டு வயரிங் சரியில்லை என்றார்கள். பிறகு கம்பெனிக்கு மெயில் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று பில்லின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் கடைசியாகக் காட்டினார்கள். மீண்டும் வந்த டெக்னீஷியன் மிக்சரின் பிளக்கைத் திறந்து பச்சை எர்த் வயரைக் கழற்றினார். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. உள்ளே பழுது ஏற்பட்டால் மிக்சரின் உலோகப் பெட்டியில் 230 வோல்ட் வந்து நிற்கும். அதைத் தொடுவது என் மகளாகவும் இருக்கலாம். அவர் போனதுமே வேறு எலக்ட்ரீஷியனை அழைத்து வயரை மாட்டவைத்தேன்.

கடைசியில் யுஎஸ்பியை எடுத்துவிட்டு, ஒரு சாதாரண மிடி இன்டர்ஃபேஸ் (எந்தக் கட்டையை அழுத்தினோம் என்ற ‘மிடி’ சிக்னலை லேப்டாப்புக்குக் கொண்டுபோகும் சிறு கருவி) வாங்கி ஐந்து பின் மிடி கேபிளில் இணைத்தேன். சிக்னல் நுழையும் ‘மிடி இன்’ சுற்றில், மின்தொடர்பு இல்லாமல் ஒளி வழியாகவே சிக்னலைக் கடத்தும் ஆப்டோ ஐசோலேட்டர் இருப்பதால் வளையம் அறுந்து இரைச்சல் நின்றது. அதற்கு ஆன செலவு அந்த 18,500 ரூபாயில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

விரிவாக எழுத இப்போது மனமில்லை. முதலில் சார்ஜரைக் கழற்றிக் கேளுங்கள், பிறகு யுஎஸ்பியை. ஆடியோவும் யுஎஸ்பியில்தான் போக வேண்டுமென்றால் சின்தசைசருக்கும் மிக்சருக்கும் இடையே ஆடியோ கேபிளில் வைத்து வளையத்தை அறுக்க, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். எர்த் வயரில் எவரையும் கைவைக்க விடாதீர்கள். எல்லா பிளக்குகளும் செருகியிருக்கும்போது சோதித்துக் காட்டாதவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். என் 18,500 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கான புகாரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.