ஜாமீன் கையெழுத்துப் போடப் போகிறீர்களா? என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

கோவை கணபதியில் எனக்குச் சின்ன லேத் பட்டறை. நாலு மிஷின், ஆறு ஆள். அதில் ஒருவன் ஐந்து வருடமாக என்னிடம் இருந்தவன். அவன் தம்பி டாஸ்மாக் பார் வாசலில் நடந்த அடிதடியில் பாட்டிலைத் தூக்கிவிட்டு உள்ளே போய்விட்டான். செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. ஆனால் தலா 25,000 ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. சொந்தத்துக்கு மாமா ஒருவர் வந்துவிட்டார். இன்னொருவர்தான் கிடைக்கவில்லை.

"அண்ணா, நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுங்ணா. பையன் பதினெட்டு நாளா உள்ள கெடக்கறானுங்க" என்று சாணைக்கல் பக்கத்தில் நின்று அழுதான். என்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

கோர்ட் வராந்தாவில் வக்கீலின் குமாஸ்தா என் ரேஷன் கார்டு, ஆதார் நகல், வீட்டு வரி ரசீது, போட்டோ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, சுவரில் தாளை வைத்தே படிவத்தைப் பூர்த்தி செய்தார். 'எதிரிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் 'சித்தப்பா' என்று எழுதியிருந்தார். (கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். எனக்கு யாரும் எதிரி இல்லையே என்று ஒரு நொடி குழம்பித்தான் போனேன்.) நான் சித்தப்பா இல்லை என்றதும் அவருக்குக் கோபம். "எல்லாரும் இப்படித்தாங்க எழுதுவாங்க, சும்மா ஒரு பார்மாலிட்டி." அடித்துவிட்டு உண்மையை எழுதச் சொன்னேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அது சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம். பொய் எழுதியிருந்தால் பின்னால் என் மேலேயே தனி வழக்கு வந்திருக்கும்.

மாஜிஸ்திரேட் இரண்டே கேள்வி கேட்டார். இவரை எப்படித் தெரியும்? இதற்கு முன் யாருக்காவது ஜாமீன் நின்றிருக்கிறீர்களா? உள்ளே போய் வெளியே வர மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மாலை அந்தப் பையன் வந்து காலில் விழுந்தான். பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள்.

அவன் குற்றம் செய்தானா இல்லையா என்பதற்கு நான் பொறுப்பில்லை, அது எனக்கும் தெரிந்திருந்தது. அவன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டில் வந்து நிற்பான் என்பதற்குத்தான் பொறுப்பு. வரவில்லையென்றால் பத்திரத்தில் எழுதிய தொகை முழுவதையும் நான் கட்ட வேண்டும். "ரெண்டு பேருக்கும் பாதிப் பாதிதாங்க" என்று குமாஸ்தா சொன்னது பச்சைப் பொய். தலா என்றால் தலாதான். மாமாவுக்கு 25,000, எனக்கு 25,000.

குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகி மூன்று வாய்தா ஒழுங்காக வந்தான். அப்புறம் ஆளைக் காணோம். கோர்ட் பிடிவாரண்ட் போட்டது. இது எதுவும் எனக்குத் தெரியாது. ஜாமீன்தாரருக்கு வாய்தா தேதியை யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. வக்கீல் அலுவலகத்திலிருந்து ஒரு போன் வரவில்லை. அவன் அண்ணனோ தினமும் என் பட்டறைக்குத்தான் வருகிறான், என் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்கிறான், டீ குடிக்கிறான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. தீபாவளி போனஸும் 15,000 முன்பணமும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவன் திரும்பவே இல்லை. அதற்கடுத்த வாரம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் நோட்டீஸோடு வந்தார். வாடிக்கையாளர்கள் இருவர் நிற்கும்போது, "நீங்கதானே அந்தக் கேஸ்ல ஜாமீன் போட்டது?" என்றார். உடம்பெல்லாம் கூசிவிட்டது.

நோட்டீஸ் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 491ஆம் பிரிவின்படி. 2024 ஜூலை 1க்கு முன்பு இது பழைய சட்டத்தின் 446. பத்திரம் பறிமுதல் ஆகிவிட்டது, தொகையைக் கட்டு, அல்லது ஏன் கட்டக் கூடாது என்று காரணம் சொல். கட்டாவிட்டால் அபராதம் போலவே வசூலிப்பார்கள், பொருள்களை ஜப்தி செய்யலாம். அப்படியும் வசூலாகவில்லை என்றால் ஜாமீன்தாரரை ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அடித்தவன் வெளியே திரிய, கையெழுத்துப் போட்டவன் உள்ளே!

பழைய வக்கீலைப் பார்க்கப் போனேன். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆளைப் புடிச்சிட்டு வாங்க, முடிச்சிரலாம்" என்றார். நான் போலீஸா?

வேறொரு வக்கீல் அம்மாவிடம் போனபோதுதான் விஷயமே புரிந்தது. அதே சட்டத்தில் 489 என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். ஜாமீன்தாரர் எப்போது வேண்டுமானாலும் 'என்னை விடுவியுங்கள்' என்று மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். கோர்ட் வாரண்ட் போட்டு ஆளை வரவழைத்து, நம் பத்திரத்தை ரத்து செய்து, வேறு ஜாமீன் கொடுக்கச் சொல்லும். கொடுக்க முடியாவிட்டால் அவன் மறுபடி உள்ளே போவான். அவன் ஓடுவதற்கு முன் இதைச் செய்திருந்தால் எனக்கு எந்தப் பாரமும் இல்லை. "சார், இதை உங்களுக்கு யாருமே சொல்லலையா?" என்று அந்த அம்மா கேட்டார்கள். யார் சொன்னார்கள்!

வழக்கு எங்கே நிற்கிறது என்பதையும் நாமே பார்க்கலாம். இ-கோர்ட்ஸ் செயலியில் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டால் அடுத்த வாய்தா, முந்தைய வாய்தா எல்லாம் வருகிறது. அந்த எண்ணைக் கையெழுத்துக்கு முன்னால் கேட்டு வாங்காதது என் தப்பு. வழக்குக்கு எண் விழவில்லை என்றால் எஃப்ஐஆர் எண்ணையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் அந்த அம்மா, நான் சொந்தம் இல்லை, அவனை மறைத்து வைக்கவில்லை, தேடுவதற்கு உதவியிருக்கிறேன் என்றெல்லாம் காட்டி மனுப் போட்டார்கள். தொகையைக் குறைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. 10,000 கட்டச் சொல்லி முடித்தார்கள். வக்கீல் செலவு 8,000, பட்டறை பூட்டிய நாள்கள், போன முன்பணம் எல்லாம் தனி. மாமா மனு ஏதும் போடவில்லை. அவருக்கு முழுத் தொகை.

ஜாமீன் நிற்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. 1978இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். ஜாமீன் நிற்க வந்த அவர் சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கீழ்க் கோர்ட்டில் ஏற்கவில்லை. நீதிபதி கிருஷ்ணய்யர்தான் 1,000 ரூபாய்க்கு அவரே எழுதிக் கொடுக்கும் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். ஆள் இல்லாதவன் உள்ளேயே கிடக்க வேண்டும் என்பது கொடுமைதான். அதற்காக யாரென்றே தெரியாத பையனுக்கு அவன் அண்ணன் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடலாமா?

போன மாதம் அந்தப் பையன் பிடிபட்டுவிட்டான். அவன் அம்மா மஞ்சப்பையோடு பட்டறைக்கு வந்தார், இன்னொரு தடவை ஜாமீன் போட முடியுமா என்று கேட்க. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை ஒரு பில் தாளின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். ஆளுக்குப் பதில் பணமாகக் கட்ட முடியுமா என்று கோர்ட்டில் கேட்கவும் சொன்னேன். பெரிய மகன் எங்கே என்று விசாரித்தேன். அவர் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.