பண்ணைக் கழிவுநீரில் நுண்பாசி: திறந்த குளமா, மூடிய குழாயா?

கால்நடைக் கழிவுநீரில் நுண்பாசி வளர்த்து எரிபொருள் எடுக்க இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. ஒன்று, துடுப்புச் சக்கரம் நீரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் நீள்வட்டத் திறந்த குளம். மற்றொன்று, ஒளி ஊடுருவும் குழாய்களாலான மூடிய அமைப்பு.

குழாய்க்கு ஆதரவாகச் சொல்லப்படுவது பொய்யல்ல. லிட்டருக்குச் சில கிராம் பாசி அதில் தேறும். குளத்தில் பெரும்பாலும் அரை கிராம்தான். பாசியை மேய்ந்துவிடும் நுண்ணுயிர்களும் எளிதில் புகுவதில்லை. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் தெளிந்த நீருக்கு. சாணமும் மூத்திரமும் கலந்த கரும்பழுப்பு நீரை உள்ளே விட்டால், குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலம் படிந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். பாசி வெளியிடும் ஆக்சிஜனும் போக வழியின்றித் தேங்கி, அதன் வளர்ச்சியையே மட்டுப்படுத்தும். கழுவும் செலவும் குளிர்விக்கும் செலவும் தனி. எரிபொருள் விற்று இதை ஈடுகட்ட முடியும் என்று நான் நம்பவில்லை.

கழிவுநீருக்கென்றே உருவானது குளம். 1950களில் கலிஃபோர்னியாவில் பொறியாளர் வில்லியம் ஆஸ்வால்ட் இதை வளர்த்தெடுத்தார். ஆழம் 20 முதல் 30 செ.மீ. போதும். இதிலும் ஓர் ஆபத்து உண்டு. வெயில் ஏற ஏறப் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ள, நீரின் காரத்தன்மை கூடும். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9ஐத் தாண்டினால் அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறி, பாசியைத் தாக்கும். அதனால் கழிவுநீரைப் பல மடங்கு நீர்த்துவிட்டே குளத்தில் சேர்க்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடைக் குமிழிகளாகச் செலுத்தினால் காரத்தன்மையும் அடங்கும், பாசிக்கு உணவும் கிடைக்கும்.

அடுத்தது எரிபொருள். எல்லோரும் பாசியின் எண்ணெயிலிருந்து எடுக்கும் உயிரி டீசலையே பேசுகிறார்கள். அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய ஆய்வுத் திட்டமும் அந்த எண்ணெயைத் தேடியதுதான். பாசியில் எண்ணெய் கூட வேண்டுமானால் அதை நைட்ரஜனுக்குப் பட்டினி போட வேண்டும். பண்ணைக் கழிவுநீரிலோ நைட்ரஜன் ததும்புகிறது. பாசி செழித்து வளரும், எண்ணெய் சேராது. போதாக்குறைக்கு, வழக்கமான முறையில் எண்ணெய் பிரிக்குமுன் ஈரப் பாசியை உலர்த்தவே ஏராளமான ஆற்றல் செலவாகும்.

என் தேர்வு, பாசியைச் சாண எரிவாயுக் கலனில் இட்டுப் பெறும் எரிவாயு. அந்தக் கலனுக்கு ஈரம் தடையே இல்லை. கலனிலிருந்து வரும் வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடுதான். அதைப் பிரித்தெடுத்துக் குளத்துக்கே திருப்பலாம். பாசியில் புரதம் மிகுதி என்பதால் கலனுக்குள்ளும் அம்மோனியா பெருகும். வைக்கோல் போன்ற கார்பன் மிகுந்த பொருளைச் சேர்த்துச் சரிக்கட்டலாம்.

குளத்துக்கு இடம் நிறைய வேண்டும் என்பதை மறுக்க முடியாது. குழாய்களையும் அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. குளத்தில் விடும் விதைப் பாசியைத் தூய நீரில் வளர்த்தெடுக்க ஒன்றிரண்டு இருந்தால் நல்லது.