அப்பாவின் ஐகானில் அம்மாவின் கண்டாங்கி

மூன்று வாரம் காரைக்குடியில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் சிங்கப்பூர் திரும்பினேன். விமானம் நேரத்துக்கு வந்தது, வங்கி வேலை அரை மணியில் முடிந்தது, அம்மாவுக்குக் கண் பரிசோதனையும் ஆயிற்று. அதையெல்லாம் எழுத இப்போது உட்காரவில்லை. அப்பாவுடைய காரின் உள்கூரைத் துணியைப் பற்றித்தான் எழுத வேண்டும். குன்றக்குடி தாண்டிப் பிள்ளையார்பட்டி போகிற வழியில் அது மொத்தமாக அம்மா தலையில் விழுந்தது. பழைய துணி கூட இல்லை. மாற்றி ஐந்து நாள்தான் ஆகியிருந்த புதுத் துணி.

வண்டி 2004 ஃபோர்டு ஐகான், மறைமலை நகரில் செய்தது. அந்தத் தொழிற்சாலையில் கார் செய்வதே 2022-இல் நின்றுவிட்டது. பதினைந்து வருடம் முடிந்ததும் அப்பா அலைந்து எஃப்.சி (வண்டியின் தகுதிச் சான்று) புதுப்பித்தார். அவர் போன பிறகு, போன வருடம் நான் புதுப்பித்தேன். இன்ஜின் இன்னும் ஒரே சாவியில் எழுந்துகொள்கிறது. கூரைத் துணி மட்டும் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கிப் பின்கண்ணாடியை மறைத்தது. இருபது வருடம் வெயிலில் நின்றால் எந்த கம்பெனி வண்டிக்கும் இது வரும். கூரைக்கு அடியில் ஓர் அட்டை, அட்டையில் மெல்லிய ஃபோம், ஃபோமில் துணி. சூட்டில் அந்த ஃபோம் நொறுங்கி மாவாகிவிடும். அப்புறம் துணியைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

சிங்கப்பூரில் இந்தக் கஷ்டத்தைப் பார்த்தவர்களே குறைவு. கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கிற சிஓஇ என்ற உரிமைச் சான்று பத்து வருடத்தில் முடிந்துவிடும். புதுப்பிக்கக் கொட்டிக் கொடுக்க வேண்டும். 2023-இல் சின்ன கார் சிஓஇ ஒரு லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டியது நினைவிருக்கும். பல வண்டிகள் கூரைத் துணி கிழடாகும் முன்பே உடைக்கவோ ஏற்றுமதிக்கோ போய்விடுகின்றன. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கார்ப் பட்டறைகள் இருக்கும் சின் மிங் பக்கம் கொடுத்து 480 வெள்ளிக்கு மாற்றினார். காலையில் சாவி கொடுத்தார், சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது, போய் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பழக்கத்தில்தான் நானும் ஊரில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா எல்லாம் உள்ள ஒரு சீட் கவர் கடை. “ரெண்டு மணி நேரத்துல முடிச்சிரலாம் சார், 3,500 ஆகும்” என்றார்கள். அப்பா இருந்திருந்தால் விட்டுவிட்டு வந்திருக்க மாட்டார். வண்டி வேலை என்றால் அவருக்கு ஒரு ஸ்டூல், ஒரு டீ, கழற்றுகிற ஒவ்வொரு ஸ்குரூவையும் பார்க்கிற கண். நான் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். திரும்பி வந்தபோது கூரை சாம்பல் நிறத்தில் சுருக்கமில்லாமல் இருந்தது. பில் கேட்கவில்லை.

அவர்கள் அட்டையைக் கழற்றவே இல்லை. செத்துப்போன ஃபோமின் மேலேயே பசையைத் தடவிப் புதுத் துணியை ஒட்டி, ஓரத்தைக் கதவு ரப்பர் பீடிங்குக்குள் செருகியிருக்கிறார்கள். குன்றக்குடி தாண்டியதும் பின்பக்கம் ‘டப்’ என்றது. முதலில் பின்கண்ணாடி மறைந்தது. நான் ஓரம் கட்டுவதற்குள் முன்பக்கமும் கழன்று அம்மாவை மூடிவிட்டது. துணியோடு இருபது வருடத்து மஞ்சள் நிற ஃபோம் தூளும் சேர்ந்து கொட்டியது. அம்மாவின் தலையில், அர்ச்சனைத் தட்டில், தேங்காய்க் குடுமியில் எல்லாம் தூள். கண் பரிசோதனை செய்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ரோட்டோரத்தில் கண்ணைக் கழுவிவிட்டேன். “திரும்பவெல்லாம் வேண்டாம், பிள்ளையாரைப் பார்த்துட்டே போவோம்” என்று, மிச்ச தூரம் முழுக்க இரண்டு கையாலும் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். எழுபத்திரண்டு வயது.

கடையில் சொன்ன பதில் இது: “வெயில் ஜாஸ்தி சார், பழைய வண்டி, இதுக்கெல்லாம் கேரண்டி கிடையாது.” சிங்கப்பூராக இருந்தால் சிறு வழக்குகள் மன்றத்துக்குப் போயிருப்பேன். இங்கேயும் நுகர்வோர் மன்றம் இருக்கிறது. ஆனால் கையில் பில் இல்லை, விடுப்பும் பத்து நாள்தான் பாக்கி. வெயில் ஜாஸ்தி என்பது காரைக்குடிக்காரர் காரைக்குடியில் சொல்கிற காரணமா? அந்த வெயிலுக்குத் தகுந்த மாதிரி ஒட்டத்தானே கடை வைத்திருக்கிறார்கள்! இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

அப்பாவுக்கு வண்டி பார்த்த மெக்கானிக்தான் வழி சொன்னார். தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஒரு தகரக் கொட்டகை, பெயர்ப் பலகை இல்லை, வாசலில் பஸ் சீட்டுகள் அடுக்கியிருக்கும். குஷன் மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல். தலையை உள்ளே விட்டு, ஒரு விரலால் கூரையில் கோடு இழுத்து, மஞ்சளான விரலை என்னிடம் காட்டினார். “பசை மேல தப்பு இல்ல தம்பி. ஃபோம் செத்துப்போச்சு. அதைச் சொரண்டாம எதை ஒட்டினாலும் நிக்காது.”

என்ன துணி போடலாம் என்று பேச்சு வந்தது. ரெக்ஸின் கனம், தானே இழுத்துக்கொண்டு தொங்கும் என்று அவரே வேண்டாம் என்றார். மாதிரியில் மீதி இருந்ததெல்லாம் சாம்பலும் கறுப்பும். அப்போதுதான் அம்மா, “கண்டாங்கி போடலாமா?” என்று கேட்டார். இந்த வண்டி எடுத்த அன்று கட்டியிருந்த புடவை, அரக்கும் கடுகு மஞ்சளுமாகக் கட்டம் போட்டது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த அதே காரைக்குடிக் கண்டாங்கிதான். மேஸ்திரி தயங்குவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “புதுசா, பழசா ஆச்சி?” பழசு என்றதும் சரி என்றார். புதுப் பருத்தியானால் ஈரம் பட்டதும் சுருங்கி ஓரத்தை இழுக்கும். இருபது வருடம் துவைத்ததில் சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும், போக வேண்டிய சாயமும் போயிருக்கும். முந்தியை மட்டும் வெட்ட வேண்டாம் என்றார் அம்மா.

இந்தத் தடவை ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணாடிகளுக்கு இடையே உள்ள தூண்களின் பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றும் முன் ஒவ்வொரு கிளிப் மேலும் வெந்நீர்த் துணியை வைத்து எடுத்தார். காய்ந்த பிளாஸ்டிக் சட்டென்று ஒடிந்துவிடுமாம். ஒன்று கூட ஒடியவில்லை. ஸ்குரூக்கள் தனித்தனி டப்பாவில் போயின. முன்சீட்டுகளைப் படுக்கப்போட்டு, அட்டை மடியாமல் முன்கதவு வழியாக இரண்டு பேர் வெளியே எடுத்தார்கள். அட்டை ஒரு தடவை மடிந்தால் அந்தக் கோடு கடைசி வரைக்கும் துணியில் தெரியும். அப்புறம் சுரண்டல். கம்பி பிரஷ் போட்டால் அட்டை பிய்யும் என்று தேங்காய் நாரால் தேய்த்தார். ஒரு காலைப்பொழுது முழுக்க தேய்த்தார். மூக்கில் துண்டு, புருவத்தில் மஞ்சள். பழுப்பு அட்டை சுத்தமாகத் தெரிகிற வரை பசை டின்னைத் திறக்கவில்லை.

மெல்லிய துணியை நேராக அட்டையில் ஒட்டினால் பசை ஊறிக் கறையாகத் தெரியும். அதனால் முதலில் நாலு மில்லிமீட்டர் ஃபோம். அது மதுரையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வர வேண்டும். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் அமாவாசை, மேஸ்திரி வேலை செய்ய மாட்டார். போனையும் எடுக்க மாட்டார். இரண்டு நாளில் முடியும் என்றவர் ஆறு நாள் எடுத்தார். என்றைக்கு முடியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சின் மிங்கில் தாமதமானால் ஒரு செய்தியாவது வந்திருக்கும்.

ஆனால் ஒட்டிய அன்று நடந்ததைப் பார்க்க இன்னும் ஆறு நாள் காத்திருந்திருப்பேன். புடவை அகலம் 48 அங்குலம். ஒரே துண்டாகக் கூரை நீளத்துக்குப் போதாது. இரண்டு துண்டைக் குறுக்காகப் போட்டு, இணைப்பு நடுவில் விளக்குக்கு நேராக வருகிற மாதிரி வைத்தார். தைத்த இடம் தெரியக் கூடாதென்று ஒரு துண்டின் கரையை இன்னொன்றின் மேல் ஏற்றித் தைத்தார். அட்டையின் நடுவில் சாக்பீஸ் நூல் அடித்து, ஃபோமில் மட்டும் ஸ்ப்ரே கன்னால் லேசாகப் பசை அடித்து, புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “இழுக்கணும், ஆனா கையோட வரக் கூடாது.” பையன்கள் இரண்டு பேர் துணியைப் பிடிக்க, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிக்கொண்டே போனார். இடது ஓரத்தில் கட்டம் அரை விரல் கோணியது. எனக்குத் தெரியவே இல்லை. அழுத்தும் முன் மெதுவாக உரித்து மறுபடி வைத்தார்.

எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். முதல் கடையோடு கூட்டினாலும் 10,000. செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பல புது வண்டிகளில் கூரை ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும். அதன் வழியை மறித்து ஒட்டினால் உயிருக்கு ஆபத்து, அந்த வண்டிகளில் இதை முயற்சி செய்யாதீர்கள். பருத்தி சீக்கிரம் தீப்பிடிக்கும், அதனால் உள்ளே யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து உள்விளக்கைப் போடச் சொன்னார். விளக்கைச் சுற்றி அரக்குச் சிவப்பு பரவியது. கூரைக்குக் குறுக்கே கரை நேராக ஓடியது. ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் தினசரித்தாளில் சுற்றிய பொட்டலம் இருந்தது, மேஸ்திரி கொடுத்தனுப்பியது. அவிழ்த்தால் மிச்சத் துணி நாலாக மடித்து வைத்திருந்தது. முந்தி முழுசாக இருந்தது. வெட்டிய முனை நூல் பிரியாமல் மடித்துத் தைத்திருந்தார்.